ஒரு எட்டுப் போய் வா, அலமு

மாயவரம்
10-6-1973

சௌபாக்கியவதி அலமுவுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். மாப்பிள்ளைக்கும் சொல்லவும். இங்கே நானும் உஷாவும் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் தன் இஷ்டப்படி இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? போன கடிதத்தில் பனி எத்தனை அடி என்று எழுதினாய், மாப்பிள்ளைக்கு உத்தியோக உயர்வு என்று எழுதினாய். உன்னைப் பற்றி ஒரு வரி இல்லை.

நிற்க. உஷாவுக்குப் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. பையன் பெயர் உமாபதி, வயது முப்பத்தொன்று. பிரான்ஸில் புரோவேன் என்று ஓர் ஊராம். அங்கே பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கும் கம்பெனியில் என்ஜினியர். தகப்பனார் பாண்டிச்சேரிக் கோர்ட்டிலிருந்து ரிட்டயர் ஆனவர். ஜாதகம் பொருந்துகிறது. தை மாதம் பையன் லீவில் வருகிறான், அதற்குள் பதில் சொல்ல வேண்டும். ஊர் எப்படி, ஆள் எப்படி என்று தெரியாமல் தலையாட்ட மாட்டேன் என்கிறாள் உன் தங்கை.

அப்பா இருந்திருந்தால் நடையாய் நடந்து விசாரித்திருப்பார். இப்போது எனக்கு நீதான். பையனின் விலாசம் இதோடு வைத்திருக்கிறேன். நீயும் பிரெஞ்சுக்காரர்கள் ஊரில்தானே இருக்கிறாய்? ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையைக் காரை எடுக்கச் சொல்லி, ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வா. ஊர் நல்ல ஊரா, அக்கம்பக்கம் எப்படி, தண்ணீர் வசதி உண்டா என்று பார். வழியில் கண்டதையும் வாங்கித் தின்னாதீர்கள். புளியோதரை கட்டிக்கொண்டு போ.

அம்மா

•

மான்ட்ரியால்
27-6-1973

அம்மாவுக்கு அலமுவின் நமஸ்காரங்கள். இருவரும் சௌக்கியம். உன் முழங்காலுக்கு நான் அனுப்பிய தைலத்தை நீ பக்கத்து வீட்டுக்குத் தானம் செய்துவிட்டதாக உஷா எழுதியிருந்தாள். இது நியாயமா?

உன் கடிதத்தை இவரிடம் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்துப் புரையேறி, நான் தலையில் தட்ட வேண்டியதாயிற்று. அம்மா, இங்கே பேசுவது பிரெஞ்சுதான். ஆனால் இவர்கள் முப்பாட்டன் காலத்தில் கப்பலேறி வந்துவிட்டவர்கள். இங்கிருந்து பிரான்ஸுக்கு நடுவில் அட்லாண்டிக் சமுத்திரம் இருக்கிறது. விமானத்தில் ராத்திரி முழுக்கப் போக வேண்டும். இவருடைய கார் தினமும் காலையில் இந்தத் தீவு ஊரின் மேற்கு மூலையில் சென்ட்-ஆன் விவசாயக் காலேஜ் வரைக்கும் போய், இவர் பையன்களுக்கு மண்ணைப் பற்றிப் பாடம் சொல்லி முடித்ததும் திரும்புவதற்குள்ளேயே இருமுகிறது.

ஆனாலும் உன் சொல்லைத் தட்டவில்லை. அந்த உமாபதிக்கு நானே எழுதிவிட்டேன். ‘தம்பி, உங்கள் ஊரை நான் நேரில் வந்து பார்க்க முடியாது. கடிதத்திலேயே எனக்குச் சுற்றிக் காட்டுங்கள். தண்ணீர் வசதி உண்டா என்று அம்மா கேட்கச் சொன்னாள். பார்த்துவிட்டுத்தான் என் தங்கையைப் பற்றிப் பேசுவேன்’ என்று. உஷாவை நச்சரிக்காதே.

அலமு

•

புரோவேன்
15-7-1973

மதிப்பிற்குரிய சகோதரி அவர்களுக்கு உமாபதி வணக்கம். நான் நலம். தாங்களும் தங்கள் கணவரும் நலமுடன் இருக்க வேண்டுகிறேன்.

பாரிஸிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் இங்கே வந்து விடலாம். இறங்கினால் கீழூர். மூச்சு வாங்க ஏறினால் மேலூர். மேலூரின் ஓரத்தில் இன்னும் கோட்டைச் சுவர் நிற்கிறது, எழுநூறு எண்ணூறு வருஷத்துச் சுவர். உச்சியில் ஒரு கோபுரம், அடியில் சதுரம், மேலே எட்டுப் பட்டை. சீசர் கோபுரம் என்கிறார்கள், ஆனால் சீசர் செத்து ஆயிரம் வருஷம் கழித்துத்தான் அதைக் கட்டினார்கள். ஊருக்கு அடியில் பாறையைக் குடைந்த சுரங்க வழிகள் இருக்கின்றன. எதற்காகக் குடைந்தார்கள் என்பதில் படித்தவர்களுக்குள் இன்னும் சண்டை தீரவில்லை.

இது சந்தையால் பிழைத்த ஊர். ஷாம்பேன் நாட்டுப் பிரபுக்கள் ஆண்ட காலத்தில், வருஷத்துக்குச் சில தடவை பெருஞ்சந்தை கூடி வாரக்கணக்கில் நடக்கும். வடக்கேயிருந்து கம்பளித் துணி வரும். இத்தாலிக்காரர்கள் மலை தாண்டிப் பட்டும் மிளகும் கொண்டு வருவார்கள். அந்த மிளகு நம் பக்கத்து மிளகு என்று நினைக்கும்போது எனக்குச் சற்றுப் பெருமையாக இருக்கும். சந்தைக்கு வருகிற வியாபாரி எந்த நாட்டான், எந்தப் பாஷைக்காரன் என்று பார்ப்பதில்லை. வழியில் அவனுக்குத் தீங்கு நேர்ந்தால் பிரபுவே கேட்பார். அந்த வழித்துணையை நம்பித்தான் எல்லாரும் வந்தார்கள்.

இங்கே ஒரு சிவப்பு ரோஜாவும் பேர் போனது. சிலுவைப் போரிலிருந்து திரும்பிய ஒரு பிரபு கொண்டு வந்தார் என்று சொல்லிக்கொள்கிறார்கள். இதழைச் சர்க்கரையில் போட்டு நம் குல்கந்து மாதிரி செய்கிறார்கள்.

தண்ணீர் வசதி உண்டு. தங்கள் தாயாருக்குத் தெரிவிக்கவும்.

தங்கள்
உமாபதி

•

மான்ட்ரியால்
5-8-1973

அன்புள்ள தம்பி உமாபதிக்கு, நாங்கள் நலம். உங்கள் சுவரும் கோபுரமும் நலம் என்று அறிந்து மகிழ்ந்தோம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இத்தனை பெரிய கடிதத்தில் உயிரோடு இருக்கிற ஒரே ஆள் நீங்கள்தான், நீங்களும் கையெழுத்துப் போடும் இடத்தில்தான் வருகிறீர்கள். என் தங்கை குடித்தனம் செய்யப் போவது பிரபுக்களோடா? சந்தை ஊர் என்றீர்களே, இப்போது சந்தை கூடுகிறதா? அதை எழுதுங்கள்.

எனக்குச் சந்தை என்றால் உயிர். சனிக்கிழமை தவறாமல் ஜான்-டலோன் தெருச் சந்தைக்குப் போய்விடுவேன். அங்கே ஓர் இத்தாலிக்காரக் கிழவர், என்னைத் தூரத்தில் கண்டதுமே கத்திரிக்காயை உயர்த்திக் காட்டிக் கூப்பிடுவார். பாதி பிரெஞ்சு, பாதி கைஜாடையில் பேரம் பேசுவோம். எங்கள் வீட்டுக்காரரைத் தவிர வாரத்தில் நான் வாய்விட்டுப் பேசுகிற ஆள் அவர் ஒருவர்தான். சரி, அதை விடுங்கள்.

அடுத்த கடிதத்தில் மனிதர்கள் வேண்டும்.

அலமு

•

புரோவேன்
26-8-1973

அன்புள்ள சகோதரி அவர்களுக்கு வணக்கம். நலம். தங்கள் வாய் நீளம் எனக்குப் பிடித்திருக்கிறது. என் அத்தை ஞாபகம் வந்தது.

பெருஞ்சந்தை போய் அறுநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் சனிக்கிழமை கீழூரில் சந்தை உண்டு. இருட்டோடு வண்டிகள் வந்துவிடும். தேன்காரர், பாலாடைக்கட்டிக்காரர், உயிர்க்கோழியைக் கூடையில் வைத்துக்கொண்டு வருகிற அண்ணன் தம்பி இருவர். அவர்களுக்குள் பேச்சு வார்த்தை கிடையாது, ஆனால் ஒரே மேஜை. மழை வந்தால் மேலே தார்ப்பாயில் தண்ணீர் தேங்கும். அடியிலிருந்து கம்பால் மெல்ல ஏந்திவிட வேண்டும், இல்லாவிட்டால் வாங்க வருகிறவர் தலையில் கொட்டிவிடும். குளிர் நாளில் அட்டைப்பெட்டியைப் பிரித்துக் காலடியில் போட்டுக்கொண்டால் பாதம் விறைக்காது.

மணி பார்ப்பதுதான் வேடிக்கை. சந்தைத் திடல் கடிகாரம் முதுகுப் பக்கம் இருக்கிறது. பன்னிரண்டு நெருங்க நெருங்க, வருகிறவர்கள் கண் நம் தலைக்கு மேலே போய்ப் போய் வரும். சமையலுக்கு நேரமாகிவிட்டது என்று அர்த்தம். அப்போது பேச்சுக் கொடுக்காமல் மளமளவென்று கட்டிக் கொடுத்துவிட வேண்டும்.

தங்கள் தங்கையைப் பற்றிக் கேட்கலாமா என்று தெரியவில்லை. அவர் நலந்தானே?

உமாபதி

•

மாயவரம்
20-9-1973

அன்புள்ள அக்காவுக்கு உஷா. அம்மா முழங்கால் முன்னைக்குத் தேவலை. அத்திம்பேருக்கு என் நமஸ்காரம்.

நீ அனுப்பிய அவருடைய இரண்டு கடிதங்களையும் எத்தனையோ தடவை படித்துவிட்டேன். அக்கா, எனக்கு ஊர் பிடித்துவிட்டது. அந்த அண்ணன் தம்பிக் கோழிக்காரர்களைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. அதனால்தான் பயமாக இருக்கிறது. ஊரைக் காட்டி ஆளை மறைக்கிறாரோ? கடிதங்களின் தேதியைப் பஞ்சாங்கத்தில் பார்த்தேன், இரண்டும் ஞாயிற்றுக்கிழமை. லீவு நாளான சனிக்கிழமை ஏன் எழுதுவதில்லை? சனிக்கிழமை சந்தையில் அவருக்கு என்ன வேலை? யாரோடு போகிறார்? இத்தனை வருஷம் தனியாக இருக்கிறவர். அங்கே ஒருத்தி இருக்கிறாளோ?

இருந்தால் தப்பு என்று நான் சொல்லவில்லை. என்னைக் கல்யாணம் செய்து அழைத்துக்கொண்டு போன பிறகு சொன்னால்தான் தப்பு. நான் பள்ளிக்கூடத்தில் நாளெல்லாம் கத்திவிட்டு வந்து வீட்டிலும் பேசித் தீர்க்கிறவள். தமிழ் தெரிந்த ஒரே ஒரு ஆள் இருக்கிற ஊரில், அந்த ஆளும் என்னிடம் எதையோ மறைத்தால் நான் என்ன ஆவேன்? அம்மா நேற்று, "நல்ல இடம்டி, கண்ண மூடிண்டு சரின்னு சொல்லு" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு சமுத்திரம் தாண்ட முடியாது, அக்கா. நீயே கேட்டுவிடு.

உஷா

•

மான்ட்ரியால்
6-10-1973

அன்புள்ள தம்பிக்கு, இங்கே மரமெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாகிவிட்டது. நாங்கள் சௌக்கியம்.

நேராகவே கேட்கிறேன். நான் ஆறு வருஷமாகச் சந்தைக்குப் போகிறேன். எனக்குத் தெரிவது கடைக்காரர் முகம். தார்ப்பாயை எந்தப் பக்கம் ஏந்த வேண்டும் என்று எனக்குத் தெரியாது. காலடியில் அட்டை போட வேண்டும் என்று தெரியாது. உங்களுக்குத் தெரிவது வாங்க வருகிறவர் முகம். கடிகாரம் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கிறது.

தம்பி, நீங்கள் எந்தக் கடைக்குப் பின்னால் நிற்கிறீர்கள்? யாரோடு நிற்கிறீர்கள்? உஷாவுக்கு இது தெரிந்தாக வேண்டும். எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

அலமு

•

மாயவரம்
18-11-1973

அலமுவுக்கு ஆசீர்வாதம். கார்த்திகை பிறந்துவிட்டது. பையனிடமிருந்து பதில் வந்ததா இல்லையா? பாண்டிச்சேரிக்காரர்கள் ஆள் விட்டுக் கேட்கிறார்கள். நான் முழங்காலைக் காட்டிச் சமாளிக்கிறேன். உஷா தபால்காரன் வருகிற நேரத்துக்குச் சரியாக வாசலில் நிற்கிறாள். கேட்டால் காக்காய்க்குச் சோறு வைக்கிறாளாம். பிற்பகல் இரண்டு மணிக்கு எந்தக் காக்காய் சாப்பிடுகிறது?

நீ எப்படி இருக்கிறாய்? இந்தத் தடவையாவது எழுது.

அம்மா

•

புரோவேன்
2-12-1973

அன்புள்ள அக்கா, இப்படிக் கூப்பிட எனக்கு இனி உரிமை இருக்குமோ என்னமோ. நான் நலம். இத்தனை நாள் எழுதாததற்கு மன்னிக்க வேண்டும்.

நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி மதாம் கோத்ரிக்கு எழுபது வயதுக்கு மேல். சந்தையில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் முட்டையும் விற்பவர். மூன்று வருஷத்துக்கு முன் பனியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டார். ஒரு சனிக்கிழமை அவருக்குப் பதிலாகப் போய் நின்றேன். பசி வந்தது. வீட்டில் செய்து எடுத்துப் போன மசால்வடையைத் தின்றேன். இங்கே கடலைப்பருப்பு கிடைக்காது, உடைத்த பச்சைப் பட்டாணியில் அரைப்பேன், பார்ப்பதற்குப் பச்சையாகத்தான் இருக்கும். பக்கத்துத் தேன்காரர் ஒன்று கேட்டார். கோழிக்கார அண்ணன் கேட்டார். அண்ணன் தின்பதைப் பார்த்துத் தம்பியும் கேட்டார். அடுத்த வாரம் மதாம் கோத்ரி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "அடுப்பை எடுத்து வா" என்று சொல்லிவிட்டார். அன்று முதல் சனிக்கிழமை தோறும் வடை போடுகிறேன். ஒருத்தி இருக்கிறாள் என்று நினைத்தீர்களானால், மதாம் கோத்ரிதான் அந்த ஒருத்தி.

போன லீவில் அப்பாவிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். "எஞ்சினியர்னு சொல்லித்தான் பொண்ணு கேக்கறோம். வடக்கடைன்னு தெரிஞ்சா எவன் குடுப்பான்? மூச்சு விடாதே" என்றார். அதனால்தான் உங்களுக்குச் சுவரையும் கோபுரத்தையும் காட்டினேன். அவை பொய்யில்லை. ஆனால் வந்த முதல் வருஷம் அந்தச் சுவரோடுதான் பேசிக்கொண்டிருந்தேன். என்னோடு ஊர் பேச ஆரம்பித்தது அடுப்பைப் பற்ற வைத்த பிறகுதான்.

உங்கள் கடிதம் வந்ததும் கல்யாணத்துக்காக இதை விட்டுவிடலாம் என்று பார்த்தேன். இரண்டு வாரம் போகவில்லை. மூன்றாவது வாரம் கோழிக்காரர்கள் இரண்டு பேரும் சேர்ந்து வந்து கதவைத் தட்டினார்கள். சேர்ந்து வந்தார்கள், அக்கா. என்னால் விட முடியாது. உஷாவிடம் நீங்களே சொல்லுங்கள். வேண்டாம் என்றால் நான் வருத்தப்படுவேன், ஆனால் தப்பாக நினைக்க மாட்டேன்.

உமாபதி

•

மான்ட்ரியால்
13-12-1973

உஷாக் கண்ணுக்கு, இதோடு இருப்பதைப் படி. அம்மாவிடம் சொல்வதற்கு முன் நீ முடிவு செய். நான் எதுவும் சொல்ல மாட்டேன். அத்திம்பேர் மட்டும், பச்சைப் பட்டாணி வடை தின்று பார்க்க வேண்டும் என்கிறார்.

அக்கா

•

மாயவரம்
29-12-1973

திரு. உமாபதி அவர்களுக்கு உஷா வணக்கம். நான் நலம். இதற்கு முன் நான் எந்த ஆணுக்கும் கடிதம் எழுதியதில்லை, அதனால் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பத்துத் தாள் கிழித்துப் போட்டேன்.

அக்கா அனுப்பிய உங்கள் கடிதத்தை அம்மாவிடம் நானே வாசித்துக் காட்டினேன். அம்மா கடிதத்தை வாங்கித் தானும் ஒரு தடவை படித்தாள். பிறகு, "எஞ்சினியர் வடை தட்டறதுல தப்பில்லடி. பட்டாணியில தட்டறதுதான் தப்பு. யாராவது போய்ச் சொல்லிக் குடுக்கணும்" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

சுவர், கோபுரம் எல்லாம் அழகாக எழுதியிருந்தீர்கள். எனக்குப் பிடித்தது அந்த வழித்துணைதான். பாஷை தெரியாத வியாபாரி என்று பார்க்காமல், வந்து சேருகிற வரைக்கும் ஒருவர் பொறுப்பு ஏற்றார் என்றீர்களே. எனக்கும் அது கிடைக்குமென்றால் வருகிறேன். ஆனால் சனிக்கிழமை வீட்டில் உட்கார மாட்டேன். எனக்கும் ஓர் அட்டைப்பெட்டி எடுத்து வையுங்கள். வடையில் சோம்பு போடுகிறீர்களா?

தையில் பார்ப்போம். உங்கள் அப்பாவிடம், எங்களுக்கு எல்லாம் தெரியும் என்று தைரியமாகச் சொல்லிவிடுங்கள். பாவம், அவரும் எத்தனை நாள்தான் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்?

உஷா

•

புரோவேன்
20-7-1975

அம்மாவுக்கு அலமுவின் நமஸ்காரங்கள். எல்லாரும் சௌக்கியம்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வேலை சொன்னாய். இப்போதுதான் முடிந்தது. கோடை லீவில் இவரைக் கிளப்பி, ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிடலாம் என்று வந்துவிட்டோம். புளியோதரை கட்டிக்கொண்டுதான் வந்தேன். மான்ட்ரியாலில் கிளறியதைக் கோட்டைச் சுவர் மேல் உட்கார்ந்து சாப்பிட்டோம். கெடவில்லை.

ஊர் நல்ல ஊர். அக்கம்பக்கம் நல்ல மனிதர்கள். மதாம் கோத்ரி உஷாவைத் தன் பெண் மாதிரி அதட்டுகிறார், இவளும் திருப்பி அதட்டுகிறாள். தண்ணீர் வசதி உண்டு. நேற்று வந்து இறங்கியதும் சொல்லாமல் கொள்ளாமல் நேரே சந்தைக்குப் போனேன். வரிசையில் பத்துப் பேர். கடை கண்ணில் படுவதற்கு முன்னால் குரல் கேட்டது. "ஏன்னா, எண்ணெய் காயறதுக்குள்ள எதுக்கு அவசரப்படறேள்?" என்று உன் பெண் அத்தனை சந்தைக்கு நடுவில் தமிழில் கத்திக்கொண்டிருந்தாள். எனக்கு முன்னால் நின்ற அம்மாள் சிரித்தார். நான் அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன், அம்மா. இவர் பயந்துபோய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் எப்படி இருக்கிறேன் என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டாய். நான் பனியையும் உத்தியோகத்தையும் எழுதி மழுப்பினேன். இவர் காலையில் கிளம்பிப் போன பிறகு அந்த வீட்டில் நான் தமிழில் பேச ஆள் கிடையாது. சில குளிர்காலங்களில் ரேடியோவில் யார் பேசினாலும், புரியாவிட்டாலும், போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன். எழுதினால் நீ தூங்க மாட்டாய் என்று எழுதவில்லை. இப்போது எழுதலாம் என்று தோன்றுகிறது. நன்றாக இருக்கிறேன்.

என் முறை வந்தபோது உஷா தலை நிமிர்ந்தாள். நான் அவள் தலைக்கு மேலே கடிகாரத்தைப் பார்த்து, "மணி பதினொண்ணரைடி, சீக்கிரம் கட்டிக் குடு" என்றேன். உமாபதி கரண்டியைக் கீழே போட்டுவிட்டார்.

வடை பச்சைதான். ருசி உன் கை மாதிரியே இருக்கிறது.

அடுத்த கோடையில் அவர்கள் இருவரும் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். ஜான்-டலோன் சந்தைக் கிழவருக்கு ஒரு பொட்டலம் கொண்டு வருவதாக உஷா சொல்லியிருக்கிறாள். நீ சொன்னது சரிதான், அம்மா. பக்கத்து ஊர்தான். நடுவில் ஒரு சமுத்திரம் இருக்கிறது, அவ்வளவுதான்.

அலமு